முள்ளக்காவும் நாலாயிரம் பூஜ்யமும்

பேட்டரித் தொழிற்சாலையில் அவளை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. முள்ளக்கா என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். இருபத்து மூன்று வயதில் வேலைக்குச் சேர்ந்தபோது அவளிடம் கொடுத்தது முள் வைத்த பழைய வோல்ட் மீட்டர். சில வருடத்தில் எண் காட்டும் மீட்டர் வந்தது, முள் போய்விட்டது. ஆனாலும் அவளிடம் இரண்டு வார்த்தை பேசியவர்கள், இந்தப் பேரை மாற்ற அவசியமில்லை என்று விட்டுவிட்டார்கள்.

அவளுடைய அறை சரக்கு இறக்கும் மேடைக்குப் பின்னால் இருந்தது. ரப்பர் விரித்த நீள மேசை, ஒரு தராசு, கழுத்தை வளைத்துக் கொள்ளும் விளக்கு, சிவப்பு ஸ்டிக்கர் ஒரு சுருள், பச்சை ஸ்டிக்கர் ஒரு சுருள். வெளியிலிருந்து வரும் செல் ஒவ்வொன்றும் கையில் அடங்கும் உருளை. அதில் நூறு நூற்றுப்பத்தைச் சேர்த்துக் கட்டினால் ஒரு பேட்டரிப் பெட்டி. எந்தச் செல் வந்தாலும் முதலில் அவள் மேசைக்குத்தான் வரவேண்டும். கார்ட்டனுக்குப் பத்து எடுத்து அளப்பாள். பச்சை ஒட்டினால் உள்ளே போகும். சிவப்பு ஒட்டினால் வந்த லாரியிலேயே திரும்பும். சிபாரிசு, கெஞ்சல், அவசரம் எதுவும் அந்த மேசையில் செல்லாது.

அப்படி ஆனதற்கு ஒரு காரணம் இருந்தது. லித்தியம் செல்லுக்கு ஒரு கணக்கு உண்டு. இரண்டு வோல்ட்டுக்குக் கீழே இறங்கிவிட்டால் அது செத்ததற்குச் சமம். செத்தது சும்மா கிடந்தால் பரவாயில்லை. அதற்குச் சார்ஜ் ஏற்றினால்தான் எழுந்து ஆடும். ஒன்பது வருடத்துக்கு முன்னால் ஒரு கார்ட்டன் ஒன்று புள்ளி ஏழு காட்டியது. ஸ்டோர் மேனேஜர் தலைமேல் வந்து நின்றார். "கொஞ்சம்தானே கம்மி, சார்ஜ் போட்டா தெளிஞ்சிடும், ஆர்டர் கழுத்தைப் பிடிக்குது" என்றார். அவளும் பச்சை ஒட்டிக் கையெழுத்துப் போட்டாள். ஆறாம் நாள் சார்ஜிங் அறையில் ஒரு பெட்டி சீறி எரிந்தது. பக்கத்திலிருந்த தள்ளுவண்டியை வெளியே இழுக்க ஓடிய ஃபோர்க்லிஃப்ட் டிரைவருக்கு இடது கை வெந்துபோனது. ஐந்து மாதம் கழித்து வேலைக்குத் திரும்பி வந்தார். இரண்டு விரல் மட்டும் மடங்கவில்லை.

விசாரணை அறிக்கையில் 'உற்பத்திக் குறை' என்று ஒரே வரியில் முடித்தார்கள். அவளை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று பின்னால் பல தடவை நினைத்துக் கொண்டாள். அன்றிலிருந்து இரண்டுக்குக் கீழே எது காட்டினாலும், அது ஒன்று புள்ளி ஒன்பது ஒன்பதாகவே இருந்தாலும், சிவப்புதான்.

அப்புறம் சோடியம் வந்தது.

வீடுகளுக்கும் சின்னக் கடைகளுக்கும் கரண்ட் போனால் தாங்கும் பெட்டி செய்வது என்று நிர்வாகம் முடிவு செய்திருந்தது. லித்தியத்துக்குப் பதில் சோடியம். உப்பில் இருக்கிற அதே சோடியம்தான், எங்கும் கிடைக்கும், சட்டென்று தீப்பிடிக்காது என்று மீட்டிங்கில் சொன்னார்கள். முள்ளக்காவை மீட்டிங்குக்குக் கூப்பிடவில்லை. அவளுக்கு வந்தது சரக்குதான். ஒரு திங்கட்கிழமை காலை நாற்பது கார்ட்டன், ஒவ்வொன்றிலும் நூறு செல்.

முதல் கார்ட்டனைப் பிரித்தாள். செல்லின் இரண்டு முனையையும் சேர்த்து மெல்லிய கம்பி ஒன்றைப் பூட்டியிருந்தார்கள். அதைக் கழற்றிவிட்டு மீட்டரை வைத்தாள். பூஜ்யம். இன்னொன்று எடுத்தாள். பூஜ்யம். மீட்டர்தான் மக்கர் பண்ணுகிறதோ என்று டார்ச் லைட்டிலிருந்த செல்லை எடுத்து வைத்துப் பார்த்தாள், ஒன்றரை காட்டியது. வேறு மீட்டர் வாங்கி வந்தாள். இரண்டாவது கார்ட்டன், ஏழாவது கார்ட்டன், அடியில் கிடந்த முப்பத்தெட்டாவது கார்ட்டன் என்று பிரித்துப் பார்த்தாள். எல்லாம் பூஜ்யம். சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் நாற்பது கார்ட்டனிலும் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி முடித்து, கை கழுவப் போனாள்.

ஸ்டோர் மேனேஜர் ஓடி வந்தார். "என்னக்கா இது, நாலாயிரமும் செத்துப் போச்சா? ஒண்ணுகூடவா உயிரோட இல்ல?"

"நீங்களே வெச்சுப் பாருங்க சார்."

அவரும் வைத்துப் பார்த்தார். பிறகு தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிக்கொண்டு, பெட்டியை வடிவமைத்த இன்ஜினீயரைப் போனில் கூப்பிட்டார். அவர் தடித்த கண்ணாடி போட்டவர், வேகமாகப் பேசுபவர். வந்ததும் சிரித்துவிட்டார்.

"இது இப்படித்தாம்மா வரும். வேணும்னேதான் காலி பண்ணி, கம்பி பூட்டி அனுப்பறாங்க. லித்தியம் செல்லுக்குள்ள ஒரு பக்கம் செம்புத் தகடு. முழுசா காலி பண்ணினா அந்தச் செம்பு கரைஞ்சு, அப்புறம் சார்ஜ் ஏத்தும்போது வம்பு பண்ணும். இதுல ரெண்டு பக்கமும் அலுமினியம். பூஜ்யம் வரைக்கும் இறக்கலாம், ஒண்ணும் ஆகாது. காலியான செல் லாரியில எரியாதில்ல? அதுக்குத்தான். எல்லாம் அவங்க அனுப்பின தாள்ல இருக்கு."

"தாள் எங்க?"

இன்ஜினீயர் ஸ்டோர் மேனேஜரைப் பார்த்தார். ஸ்டோர் மேனேஜர் கூரையைப் பார்த்தார். தாள் அவருடைய ஈமெயிலில் பத்து நாளாகத் தூங்கிக் கொண்டிருந்தது.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். இருபத்து மூன்று வருட சர்வீஸில் முள்ளக்காவுக்கு அப்படி ஒரு அசடு வழிந்த நாள் இல்லை. காது மடல் சுடுவது அவளுக்கே தெரிந்தது. ஆனால் சிவப்பு ஸ்டிக்கரைக் கிழிக்க அவள் கை போகவில்லை. செல்லைக் கையில் உருட்டிக்கொண்டே கேட்டாள்:

"சரி சார், ஒத்துக்கறேன். நல்ல செல்லும் பூஜ்யம். கெட்டுப்போன செல்லும் பூஜ்யம்தானே காட்டும்? ரெண்டையும் நான் எதை வெச்சுப் பிரிக்கறது?"

இன்ஜினீயர் கண்ணாடியைத் துடைத்தார். "அவங்க அனுப்பும்போதே சோதிச்சுத்தான் அனுப்பறாங்க" என்று கடைசியில் சொன்னார்.

"அப்போ என் மேசையை எடுத்து வெளிய போட்டுடலாம்" என்றாள்.

அவள் கையெழுத்துப் போடவில்லை. செவ்வாய், புதன் இரண்டு நாளும் அசெம்பிளி லைன் சும்மா நின்றது. வேலையில்லாமல் உட்கார்ந்திருந்தவர்கள் அவள் அறையைக் கடக்கும்போதெல்லாம் ஏதாவது சொல்லிவிட்டுப் போனார்கள். புதன்கிழமை மத்தியானம் ஃபோர்க்லிஃப்ட் டிரைவர் தேநீர்த் தம்ளருடன் உள்ளே வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவளுக்குப் பத்து வயது மூத்தவர்.

"என்னம்மா, ஊரே உன்னைத் திட்டுதே."

"திட்டட்டும் அண்ணே." அவள் தராசைத் துடைத்துக் கொண்டிருந்தாள். பிறகு, எதற்கு அப்போது சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது, சொல்லிவிட்டாள். "அன்னிக்கு எரிஞ்ச கார்ட்டன், நான் பச்சை ஒட்டினது. ஒண்ணே முக்கால்கூட இல்ல. தெரிஞ்சேதான் ஒட்டினேன்."

அவர் தேநீரை ஒரு வாய் குடித்தார். "தெரியும். அதை ஏத்திட்டுப் போனதே நான்தானே. ஸ்டிக்கர் பக்கத்துல உன் கையெழுத்து இருந்துச்சு."

"ஒரு நாள்கூட கேக்கலையே அண்ணே."

"கேட்டா விரல் மடங்குமா?" என்றார். கோபமும் இல்லை, பெருந்தன்மையும் இல்லை. மணி என்ன என்று சொல்வது போலச் சொன்னார். தம்ளரை எடுத்துக்கொண்டு எழுந்தவர் வாசலில் நின்று, "சந்தேகம் இருக்கிறதை மட்டும் என் வண்டியில ஏத்தாதே" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வியாழக்கிழமை பிளான்ட் மேனேஜர் கூப்பிட்டனுப்பினார். அதட்டுவார் என்று நினைத்துப் போனாள். அவர் களைத்துப் போயிருந்தார். "உங்களுக்கு என்னதான் வேணும்?"

"சோதனைப் புக்ல ரெண்டு வோல்ட்டுக்குக் கீழ இருந்தா தள்ளுன்னு இருக்கு சார். நான் தள்ளிட்டேன். தள்ளக் கூடாதுன்னா புக்கை மாத்துங்க, கையெழுத்து போடறேன்."

"யார் மாத்தறது? இன்ஜினீயருக்குச் செல் தெரியும், உங்க மேசை தெரியாது. நீங்களே எழுதிக் கொண்டாங்க. திங்கட்கிழமை காலைல என் டேபிள்ல இருக்கணும்."

அவள் பன்னிரண்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள். வேறு வழியில்லாமல் நோட்டு ஒன்று வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

வீடு நாலாவது மாடியில். இரண்டு அறை. அதில் ஒன்றில் மாமனார் படுத்திருந்தார். நாற்பது வருடம் அச்சகத்தில் பிழை திருத்தியவர். நுரையீரல் கெட்டுப்போய் மூன்று வருடமாக மூக்கில் குழாயோடு இருந்தார். காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துக் கொடுக்கும் மெஷின் கட்டில் பக்கத்தில் இரவும் பகலும் இரைந்து கொண்டிருக்கும். கணவன் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் இருக்கிற லிஃப்ட்டையெல்லாம் ஓட வைப்பவன், தன் கட்டடத்துக்கு லிஃப்ட் இல்லை. கரண்ட் போனால் பால்கனியில் இருந்த பழைய ஈய பேட்டரி அந்த மெஷினைத் தாங்கும். முன்பு நாலு மணி நேரம் தாங்கியது இப்போது ஒன்றரைக்கு வந்திருந்தது. லித்தியம் வாங்கிவிடலாம் என்று கணவன் சொல்லும்போதெல்லாம், ஆக்சிஜன் இருக்கிற வீட்டுக்குள் அது வரக் கூடாது என்று அவள் தலையாட்டி மறுத்துவிடுவாள்.

அன்று சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எழுதினாள். அடித்தாள், எழுதினாள். சத்தம் கேட்டு மாமனார், "என்னம்மா எழுதற?" என்றார். அவருக்கு ஒரு வாக்கியத்துக்கு இரண்டு தடவை மூச்சு வாங்க வேண்டும். அவள் நோட்டைக் கொண்டுபோய்க் காட்டினாள். அவர் தலையணைக்கு அடியிலிருந்து பென்சிலை எடுத்தார்.

"'செல்லை சார்ஜ் செய்து' இல்ல. 'செல்லைச் சார்ஜ் செய்து'. ச் போடு."

"மாமா, இதைப் படிக்கப் போறது ஆறு பேர். ச் இல்லைன்னா செல் வெடிச்சுடாது."

"செல் வெடிக்காது. எனக்குத்தான்... நெஞ்சு வெடிக்கும்." ச் போட்டார். அடுத்த வரிக்குப் போனார். "'சில நாள் வைத்திருக்கவும்.' சில நாள்னா எத்தனை? அவசரக்காரன் ஒரு நாள்னு எடுத்துப்பான். சோம்பேறி... ஒரு மாசம்னு எடுத்துப்பான். அப்புறம் 'குறைந்தால்'. எவ்வளவு குறைஞ்சா?"

அவளுக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான். பூஜ்யத்தில் கிடக்கும்போது ஆரோக்கியமும் நோயும் ஒரே மாதிரி தெரிகிறது. அதனால் எல்லாவற்றையும் மூன்று வோல்ட் வரை ஏற்றிவிட்டு, கம்பியில்லாமல் சும்மா வைத்தால், உள்ளே ஓட்டை இருக்கிற செல் தானாக வடிந்து காட்டிக் கொடுக்கும். எத்தனை நாளில் என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை.

திங்கட்கிழமை பிளான்ட் மேனேஜரிடம் நோட்டைக் கொடுத்தாள். இரண்டு இடத்தில் கோடு மட்டும் போட்டிருந்தது. "நூறு செல் கொடுங்க சார். அளந்து பார்த்து இந்தக் கோட்டை நிரப்பறேன்" என்றாள். அவர் பெருமூச்சு விட்டுக் கையெழுத்துப் போட்டார்.

நூறு செல்லுக்கும் நம்பர் எழுதி, சார்ஜ் ஏற்றி, மேசையில் வரிசையாக நிறுத்தினாள். தினமும் காலை ஒன்பது மணிக்கு அளந்து எழுதினாள். முதல் இரண்டு நாள் எல்லாமே கொஞ்சம் இறங்கின. மூன்றாம் நாள் பெரும்பாலானவை நின்றுவிட்டன. மூன்று செல் மட்டும் நிற்காமல் இறங்கின. ஐந்தாம் நாளில் சந்தேகமாக இருந்தது, ஏழாம் நாளில் சந்தேகம் இல்லை. முதல் கோட்டில் 'ஏழு' என்றும், அடுத்ததில் எவ்வளவு இறங்கினால் தள்ள வேண்டும் என்ற அளவையும் எழுதினாள்.

இனி நாலாயிரத்தையும் அப்படியே பார்க்க வேண்டும் என்றதும் ஸ்டோர் மேனேஜர் தலையில் கை வைத்துக்கொண்டார். "முள்ளக்கா அடைகாக்கறாங்கப்பா, குஞ்சு பொரிச்சதும் கூப்பிடுவாங்க" என்று கேன்டீனில் சொன்னார். அது நன்றாகப் பிடித்துக்கொண்டது. காலையில் வருகிறவன் போகிறவனெல்லாம் கதவைத் தட்டிக் கொக்கரித்துவிட்டுப் போனான். அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. இருபத்தாறு நாள் ஆயிற்று. நாலாயிரத்தில் அறுபத்திரண்டு விழுந்தன. அதில் ஐம்பத்தொன்று ஒரே கார்ட்டனில் இருந்தன. அந்தக் கார்ட்டனின் மூலை நசுங்கியிருந்ததை அப்போதுதான் எல்லோரும் பார்த்தார்கள். எங்கேயோ யாரோ கீழே போட்டிருக்கிறார்கள்.

"அறுபத்திரண்டுக்கு இருபத்தாறு நாளா?" என்றார் ஸ்டோர் மேனேஜர்.

"ஆமாம் சார்" என்றாள்.

மிச்சத்தில் முப்பத்தைந்து பெட்டி தேறியது. அதில் பத்தை வேலையாட்கள் வீட்டில் வைத்துச் சோதித்துப் பார்ப்பது என்று முடிவாகி, விருப்பமுள்ளவர்கள் பேர் கொடுக்கலாம் என்று பலகையில் ஒட்டினார்கள். அவள் இரண்டு நாள் அந்தப் பலகையைப் பார்த்துக்கொண்டே போனாள். தெரியாத செல்லாக இருந்தால் சுலபமாக வேண்டாம் என்று சொல்லியிருப்பாள். இது ஒவ்வொன்றும் அவள் கைபட்டது. கட்டிலில் கிடப்பவர் மூச்சை இதன்மேல் வைக்கலாமா என்று கேட்டால், யாரிடம் போய்க் கேட்பது? மூன்றாம் நாள் எட்டாவது பேராக எழுதினாள்.

பெட்டி பெரிய சூட்கேஸ் அளவு. லித்தியத்தைவிடக் கனம். கணவனும் கீழ்வீட்டுக்காரரும் நாலு மாடி தூக்கி வருவதற்குள் நாக்குத் தள்ளிவிட்டது. "லிஃப்ட் மெக்கானிக் வீட்டுக்கு வந்த கதியைப் பாரு" என்று கணவன் தரையில் உட்கார்ந்து சிரித்தான். மாமனார் படுத்தபடியே பெட்டியின் ஸ்டிக்கரைக் கூர்ந்து பார்த்தார்.

"அம்மாடி, இது என்ன... 'சோடியம் மின்களம்'? களம்னா போர்க்களமா, நெற்களமா? மின்கலம். சின்ன ல."

ஆபீஸில் மூன்று பேர் சரிபார்த்த ஸ்டிக்கர் அது. அடுத்த தொகுதியில் மாற்றினார்கள். யார் கண்டுபிடித்தது என்று இன்ஜினீயர் கேட்டதற்கு, "வீட்ல ஒரு சோதனை மேசை இருக்கு சார்" என்றாள்.

நாலு மாதம் கழித்து ஒரு நாள் காலை ஒன்பது மணிக்குத் தெருமுனையில் டிரான்ஸ்ஃபார்மர் வெடித்துக் கரண்ட் போனது. அவள் வேலையில் இருந்தாள். கணவனுக்கு அன்று ஓய்வுநாள். மணிக்கொரு தரம் போன் செய்து, "எவ்வளவு காட்டுது?" என்று கேட்டாள். பெட்டியில் வோல்ட் காட்டும் ஒரு சின்னத் திரை உண்டு. லித்தியம் பேட்டரி கடைசி வரை நன்றாக இருப்பது போல் முகம் காட்டிவிட்டுப் பொசுக்கென்று படுத்துவிடும். சோடியம் படிப்படியாக இறங்கும், மிச்சம் எவ்வளவு என்று மறைக்காது. பத்து மணிக்கு ஐம்பத்தெட்டு. மத்தியானம் ஐம்பத்து மூன்று. மூன்று மணிக்கு நாற்பத்தாறு. முப்பத்தாறு வோல்ட்டில் பெட்டி நின்றுவிடும் என்று அவளுக்குத் தெரியும். நாலு மணிக்கு அனுமதி கேட்டுக்கொண்டு கிளம்பி, வழியில் ஆக்சிஜன் சிலிண்டர் கடையில் ஒன்று சொல்லி வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தாள்.

ஐந்தே முக்காலுக்கு நாற்பது காட்டியது. அவளும் கணவனும் பால்கனிக் கதவில் சாய்ந்துகொண்டு அந்த எண்ணைப் பார்த்துக் கொண்டிருந்தார்கள். உள்ளே மெஷின் மாறாமல் இரைந்தது. "ரெண்டு பேரும் என்ன பாக்கறீங்க? ஃபேன் இல்லாம வேகுது, யாராவது விசிறுங்க" என்று மாமனார் திட்டினார். ஆறு பத்துக்குச் சிலிண்டர்காரர் மூச்சிரைக்க மேலே வந்து வாசலில் நின்றபோது கரண்டும் வந்தது. அவருக்குத் தண்ணீர் கொடுத்து, சிலிண்டரை வாங்கி மூலையில் நிறுத்தினார்கள். அவ்வளவுதான் நடந்தது. அன்று ராத்திரி சாப்பாட்டுக்கு நடுவில் அவள் இரண்டு தடவை எழுந்துபோய்த் திரையைப் பார்த்துவிட்டு வந்தாள். கணவன் பார்த்தும் பார்க்காதது போல் தட்டை அவள் பக்கம் நகர்த்தினான்.

மாமனார் அதற்குப் பிறகு ஒரு வருடமும் சில வாரமும் இருந்தார். ஒரு காலையில் அவள் தேநீர் கொண்டு போனபோது மெஷின் ஓடிக்கொண்டிருந்தது, அவர் இல்லை. நெஞ்சுதான் நின்றுவிட்டது என்றார் டாக்டர். அவள் தேநீரை ஜன்னல் மேடையில் வைத்துவிட்டுக் கணவனை எழுப்பினாள். சொந்தக்காரர்கள் வரத் தொடங்கிய பிறகுதான் மெஷினை நிறுத்தவில்லை என்பது நினைவுக்கு வந்து, போய் ஸ்விட்சைத் தட்டினாள். நாலு வருடத்துக்கு மேல் கேட்டுப் பழகிய சத்தம் நின்றதும் பக்கத்து வீட்டு ரேடியோ அவ்வளவு தெளிவாகக் கேட்டது அவளுக்கு விநோதமாக இருந்தது.

தொழிற்சாலையில் சோடியம் பெட்டி ஓரளவு விற்றது. கனம் என்று குறை சொன்னவர்கள் உண்டு. இடம் அதிகம் அடைக்கிறது என்று திருப்பிக் கொடுத்தவர்களும் உண்டு. அவள் எழுதிய தாளைத் தட்டச்சு செய்து, நம்பர் கொடுத்து, புக்கில் சேர்த்தார்கள். அதில் அவள் பேர் இல்லை. எதிலுமே யார் பேரும் இருப்பதில்லை.

போன வருடம் புது மெஷின் ஒன்று வந்தது. செல்லுக்குள் கசிவதை நேராக அளந்துவிடும், ஏழு நாள் காத்திருக்க வேண்டாம், மூன்றே நாள் போதும் என்றார்கள். எல்லோரும் அவள் சண்டைக்கு வருவாள் என்று எதிர்பார்த்தார்கள். அவள் ஒரு மாதம் கேட்டாள். வந்த செல்லை எல்லாம் மெஷினிலும் வைத்தாள், தன் மேசையிலும் ஏழு நாள் நிறுத்தினாள். அவள் பிடித்ததையெல்லாம் மெஷின் பிடித்தது. அவள் விட்ட ஒன்றையும் அது பிடித்தது. அந்த ஒன்றைத் தனியாக எடுத்து இன்னும் பத்து நாள் வைத்துப் பார்த்தாள். மெல்ல, மிக மெல்ல இறங்கியிருந்தது.

புக்கை வரவழைத்து, 'ஏழு' என்பதை ஒரு கோடு போட்டு அடித்து, மேலே 'மூன்று' என்று எழுதித் தேதி போட்டாள். பிறகு அடுத்த கார்ட்டனைப் பிரிக்கக் கத்தியைத் தேடினாள்.